மானை விரட்டிய கேள்வி

மேல் தீபகற்பம், மிச்சிகன்
டிசம்பர் 1994

அன்புள்ள தங்கை ஜாய்ஸுக்கு,

அக்கா ஐலீன் எழுதுவது. இங்கே நாங்கள் உயிரோடு, ஓரளவு சுகமாக, முழங்கால் பனிக்குள் இருக்கிறோம். டூசானில் நீ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆரஞ்சு பறிப்பதாக எழுதியிருந்தாய். படித்துவிட்டு அடுப்புக்கு இன்னொரு கட்டை போட்டேன். அதை மன்னித்துவிட்டேன். ஆனால் இந்தக் கடிதம் பொறாமையைப் பற்றியதுதான். ஆரஞ்சைப் பற்றியது இல்லை.

லோர்னா காங்கஸை உனக்கு ஞாபகம் இருக்கும். ஆர்வோவின் மனைவி, உயரமாக இருப்பாள், சர்ச் விற்பனைக்கு எப்போதும் ஊறுகாய் பீட்ரூட் கொண்டுவருவாள். ஆர்வோ தவறிப்போன பிறகு மான் வேட்டைக் கேம்ப்பில் அவர் படுக்கை காலியாக இருந்தது. போன வருஷம் நவம்பரில் கேம்ப் சொந்தக்காரர் கார்டி பெல்க்கி அந்தப் படுக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டார். வெண்டல் வந்து சொன்னபோது நல்லதுதானே, பாவம் என்றேன். வாய்தான் சொன்னது.

ஏனென்றால், கல்யாணமான புதிதில் நானும் வரட்டுமா என்று வெண்டலைக் கேட்டேன். கார்டியின் அப்பா விதி வைத்திருக்கிறார், பெண்களும் நாய்களும் கேம்ப்புக்குள் கூடாது என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அப்புறம் கார்டி ஒரு நாய் வாங்கினார், நாய் உள்ளே போனது. நான் வருஷா வருஷம் கறி அடைத்த பாஸ்டி சுட்டு, துணியில் சுற்றி, வண்டியில் ஏற்றி, கையாட்டி அனுப்பிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். இப்போது லோர்னாவும் உள்ளே போய்விட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு வருஷம் முழுக்க வீட்டில் லோர்னா பேச்சுதான். லோர்னா சொன்னாள், சாசேஜில் கொஞ்சம் ஆப்பிள் துருவிப் போடணுமாம். லோர்னா சொன்னாள், பூட்ஸைக் குளிரில் வெளியேதான் வைக்கணுமாம். அவர் வேட்டைக் கோட்டு நாறுகிறது என்று நான் எத்தனை வருஷம் கத்தியிருப்பேன். மனுஷன் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. மானுக்கு மூக்கு கூர்மை, சோடா உப்பில் துவைக்கணும் என்று லோர்னா சொன்னாளாம். அடுத்த நாளே துவைத்துப் பைன் கிளைக்கு நடுவில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மான் மூக்குக்கு இருக்கிற மரியாதை என் மூக்குக்கு இல்லை.

இந்த வருஷம் அவர் தோள்பட்டைத் தைலத்தை மறந்துவிட்டுப் போனார். போன சீசனில் கேம்ப் வாசல் படியில் வழுக்கி விழுந்து, கார்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போய், கையைத் தூளி கட்டிக் கொண்டுவந்ததை உனக்கு எழுதியிருந்தேன். குளிர்காலம் முழுக்க அந்தத் தோளைத் தேய்த்தவள் நான். ஆகவே தைலத்தையும் ஒரு தட்டு பாஸ்டியையும் எடுத்துக்கொண்டு நானே வண்டியைக் கிளப்பினேன். தைலம் சாக்குதான், உனக்குத் தெரியும். அவளை அந்த இடத்தில் என் கண்ணால் பார்க்கவேண்டியிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. எல்லோரும் உள்ளே மேஜையைச் சுற்றிச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு வெளியிலேயே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ புது ஆள் என்று நினைத்தேன். அது வெண்டல், ஜாய்ஸ். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். லோர்னா சொன்னதை விட்டால் வீட்டில் அவர் பேசுவதெல்லாம் உப்பை இந்தப் பக்கம் தள்ளு, வண்டிக்கு எண்ணெய் மாற்றணும், இவ்வளவுதான். இந்தச் சிரிப்பு எங்கே இருந்தது இத்தனை நாள்? நான் பொறாமைப்பட வந்தது ஒரு பெண்ணைப் பார்த்து. ஆனால் அந்த நிமிஷம் மேஜை, அடுப்பு, அந்த நாய், எல்லாவற்றின் மேலும் எனக்கு எரிந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார்கள். லோர்னா என் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினாள். எந்த ஆணி காலி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் வேட்டைக்கே வந்துவிட்ட மாதிரி ஆளுக்கு ஆள் புத்தி சொல்ல ஆரம்பித்தார்கள்.

கார்டி சொன்னார்: "ஐலீன், மானைப் பாக்கணும்னா ஒரே வழிதான். துப்பாக்கியைத் தள்ளிச் சாத்தி வச்சுட்டு, புதர் மறைவுல ஒதுங்கு. சரியா அந்த நேரத்துல வந்து நின்னு உன்னைப் பாக்கும்."

கார்டியின் மச்சான் லீராய் இருக்கிறாரே, வாய் மூடாத மனுஷன், அவர் சொன்னார்: "முட்டை ஊறுகா மட்டும் சாப்பிட்டுட்டுப் போயிடாத. இவன் ஒரு தடவை சாப்பிட்டுப் போனான், பக்கத்துக் கவுன்ட்டி மானெல்லாம் கனடாவுக்கு ஓடிப்போச்சு."

"அது நான் இல்லடா, உன் வண்டி," என்றார் வெண்டல். என் வெண்டல்.

நானும் சிரித்தேன். மறைக்கவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போது லீராய் இன்னும் உற்சாகமாகி, "முக்கியமானதை விட்டுட்டேன். மரத்துப் பரண்ல ஏறினா இடுப்புல பட்டையைக் கட்டிக்கணும். இல்லேன்னா இவன் மாதிரி பறக்கற அணில்தான். ஆனா ஒரு லாபம், ஆஸ்பத்திரியில இன்னொரு பொண்டாட்டி கிடைப்பா. நர்ஸ் நீங்க மனைவியான்னு கேட்டதுக்கு நம்ம லோர்னா என்ன சொன்னா தெரியுமா, இன்னிக்கு மட்டும்னு..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

வாசல் படி இல்லை, ஜாய்ஸ். பரண். பதினைந்து அடி உயரமாம். ஓட்டிக்கொண்டு போனது கார்டி இல்லை, லோர்னா. அந்தக் கார்டிக்கு நான் நன்றி சொல்லி ஒரு ஆப்பிள் பை சுட்டு அனுப்பியிருந்தேன். அவர் அதைத் தின்றும் விட்டார். இப்போது தன் சீட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெண்டல் என் பக்கம் திரும்பி, "ஐலீன், நான்..." என்றார். பாஸ்டி ஆறுது, சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான். அதற்குள் பனி பிடித்துக்கொண்டது. காட்டுப் பாதை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியவில்லை. கோபித்துக்கொண்டு போகக்கூட எனக்கு வழியில்லை.

கண்ணாடியைத் தட்டியவள் லோர்னா. "சானா நீராவி அறை சூடா இருக்கு. ஆம்பளைங்க அப்புறம் குளிக்கட்டும், நீ வா," என்றாள். மாட்டேன் என்றேன். "இங்கயே உறைஞ்சு செத்தா வெண்டலை நான் எடுத்துக்குவேன், யோசிச்சுக்கோ," என்றாள். யோசித்தேன். இறங்கினேன்.

நம் ஊரில் வளர்ந்தவளுக்குச் சொல்லவேண்டியதில்லை, சானா பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் பொய் சொல்வது கஷ்டம். கல்லில் தண்ணீர் ஊற்றிவிட்டு அவள் தானாகவே சொன்னாள். கீழே விழுந்தவர் முகம் வெளுத்துப் பேச்சுக் குழறிக் கிடந்தார். மற்ற இருவரும் தூரத்தில் இருந்தார்கள். இவள்தான் கேட்டு ஓடிவந்து வண்டியில் ஏற்றினாள். "வழியெல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஐலீன், ஐலீன்னு சொல்லிக்கிட்டே வந்தார். நான் ஐலீன் இல்லைன்னு முதல்ல சொன்னேன். அப்புறம் சொல்லலை. ஆர்வோ போனதுக்கப்புறம் என் கையை ஒருத்தரும் அப்படிப் பிடிச்சதில்லை. அதனால ம்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ம்னு சொன்னேன். உன்கிட்டதான் சொல்லியிருக்கணும்."

எனக்கு அவளை அணைத்துக்கொள்ளத் தோன்றியிருக்கவேண்டும். நல்ல பெண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? என் பெயரைச் சொல்லி நீட்டிய கை அது, எனக்கு வரவேண்டியது, இவள் வாங்கிக்கொண்டாள். எனக்குக் குளிர்காலம் முழுக்கக் கிடைத்தது தைல நாற்றம். இதை அவளிடம் சொல்லவில்லை. கல்லில் இன்னும் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். ஆவி அதிகம்.

அன்று தங்கவேண்டியதாயிற்று. லோர்னா தன் படுக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் நாயோடு படுத்துக்கொண்டாள்.

காலையில் வெண்டலோடு நானும் காட்டுக்குப் போனேன். அவர் கூப்பிடவில்லை. லீராயின் பழைய ஆரஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன், அவர் தடுக்கவில்லை. இந்த வருஷம் அவர் பரணில் ஏறவில்லை, தரையில் பலகையால் அடித்த சின்னக் குடிலில்தான் உட்கார்ந்தார். முழங்கால் வலி என்று என்னிடம் சொல்லியிருந்தார். இடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் இரண்டு பேருக்கு இடம். அவ்வளவு நெருக்கமாக நாங்கள் உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அதற்காகக் கோபம் குறையவில்லை.

அவரே ரகசியக் குரலில் ஆரம்பித்தார், ஜன்னல் இடுக்கைப் பார்த்தபடியே. "விழுந்தப்போ நான் ரொம்பப் பயந்துட்டேன். காலை அசைக்க முடியலை. அவ்வளவுதான், போச்சுன்னு நெனச்சேன். இவங்ககிட்ட சொன்னா பறக்கற அணில்னு கேலி பண்ணி ஒண்ணுமில்லாம ஆக்கிடுவாங்க. உன்கிட்ட சொன்னா நீ என்னைப் பாப்பே. அந்தப் பார்வையைப் பாத்தா அது நிஜமாயிடும்."

அது சரிதான். நான் பார்த்திருப்பேன். பரண் ஏணியை உடைத்து அடுப்பிலும் போட்டிருப்பேன்.

அப்போதுதான் அது வந்தது. கலைமான். சிடார் மரங்களுக்கு நடுவிலிருந்து, ஏதோ அதன் வீட்டு முற்றம் மாதிரி, அவசரமில்லாமல் நடந்து வந்தது. கொம்பில் எட்டுக் கிளையாவது இருக்கும். மூச்சு புகையாக வந்தது. வெண்டலின் கை மெல்ல, ரொம்ப மெல்லத் துப்பாக்கியைத் தூக்கியது. அந்தக் கையைப் பார்த்தேன். எனக்கு வாய் நிற்கவில்லை, ஜாய்ஸ்.

"அவ கையை எதுக்குப் பிடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். ரகசியமாக இல்லை. சமையலறையில் பேசுகிற குரலில்.

மான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. வெள்ளை வாலைக் கொடி மாதிரி உயர்த்தி ஒரே தாவு. பனி தூசியாகப் பறந்ததுதான் மிச்சம்.

வெண்டல் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "கையா? யார் கையை?" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, லோர்னா கையை என்றேன்.

"பிடிச்சேனா? விழுந்ததிலிருந்து ஆஸ்பத்திரி விளக்கு வரைக்கும் ஒண்ணும் ஞாபகமில்லை, ஐலீன்." முப்பது வருஷமாக அவர் பொய்யும் நிஜமும் எனக்குத் தெரியும். அது நிஜம். அப்புறம் சிரித்தார். முதல் நாள் மேஜையில் கேட்டேனே, அதே சிரிப்பு. குடில் பலகையெல்லாம் அதிர்ந்தது. "எட்டுக் கிளைடீ. மூணு வருஷமா அதுக்குத்தான் காத்திருந்தேன்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நானும் சிரித்தேன். அந்தக் காலையில் அந்தப் பக்கத்தில் வேறு மான் வந்திருக்கவே முடியாது.

கேம்ப்பில் மானைத் தவறவிட்டவருக்குச் சட்டையின் பின்பக்க நுனியை வெட்டிச் சுவரில் ஆணியடிப்பார்கள். கார்டி சூப்புக் கரண்டியால் மேஜையைத் தட்டி என்னை விசாரித்தார். கத்தரிக்கோல் லோர்னா கையில். "அப்படி என்னதான் கேட்டே, மானே ஓடற மாதிரி?" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெண்டலும் பார்த்தார். அவர் பிடித்த கை அவருக்கே ஞாபகமில்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு வருஷப் பொறாமைக் கணக்கு வட்டியோடு தீர்ந்திருக்கும். அந்தத் துணி வெட்டும் கையைப் பார்த்தேன். கல்யாண மோதிரத்தை இன்னும் கழற்றவில்லை அவள்.

"ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்னு கேட்டேன்," என்றேன்.

லீராய் அதற்கு ஓட்டினது இருக்கட்டும். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கின என் நல்ல சிவப்புக் கட்டச் சட்டை போயிற்று. கார்டி அந்தத் துண்டின் கீழே மார்க்கரால் என் பெயரை எழுதினார், எழுத்துப் பிழையோடு. பெயர் சுவரில் இருக்கிறவருக்குப் படுக்கை கொடுத்தாகணுமாம், அதுவும் அவர் அப்பா விதியாம். அடுத்த நவம்பருக்குள் லீராய் புதிதாக ஒன்று அடிக்கிறார்.

லோர்னா மேல் எனக்கு இன்னும் பொறாமைதான், உன்னிடம் மறைப்பானேன். நேற்றுக்கூடக் கடையில் பார்த்தேன், சாசேஜ் எப்படி வந்தது என்று கேட்டாள். நன்றாக வந்தது என்றேன். ஆப்பிள் போட்டதைச் சொல்லவில்லை. வெண்டல் மட்டும் இப்போது தைலம் தேய்க்கும்போது கொஞ்சம் பேசுகிறார். பாதி லீராய் ஜோக். மீதிப் பாதிக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜாய்ஸ், உன் கடைசி இரண்டு கடிதத்திலும் உன் வீட்டுக்காரர் ரே பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆரஞ்சு இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பூனை இருக்கிறது, ரே இல்லை. நான் கேட்டு உன்னைத் தர்மசங்கடப்படுத்த விரும்பவில்லை. ஆனால் எதுவாக இருந்தாலும் வேறொருவர் மேஜையில் அதை நான் கேட்கும்படி வைக்காதே. என்னிடம் நீயே சொல். நான் உன்னை அப்படிப் பார்க்க மாட்டேன், கேலிகூடச் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். எழுத வராவிட்டால் பஸ் ஏறிவிடு. முன் அறை படுக்கையை விரித்துவிட்டேன்.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் பிடித்துக்கொள்ளட்டும்.

உனக்காகக் கதவைப் பூட்டாமல் வைத்திருக்கும் அக்கா,
ஐலீன்