படம் உங்கட, நெகட்டிவ் எங்கட

03.03.1999, புதன்

சுவிஸில் ஒரு மாப்பிள்ளைக்கு என்னைப் பிடித்துவிட்டதாம். முப்பத்தொரு வயதுவரை வவுனியாவில் ஒருவருக்கும் வராத ஆசை. கொழும்பில் ஒரு கலியாணக் கம்பனி கடிதம் போட்டிருக்கிறது. கூடவே என் படத்தின் போட்டோக் கொப்பி. வவுனியாவில் இருக்கக் கட்டாயமான பாஸைப் போன மாதம் புதுப்பிக்க எடுத்த படம் அது. பல்லுக் கொதியில் கன்னம் வீங்கினவள் மாதிரி முகம்.

"கடவுள் கண் திறந்திட்டார், கௌசலா" என்றா அம்மா. கடவுளுக்கு என் பாஸ் படம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அடுப்பைப் பார்க்கவென்று குசினிக்குள் போய்விட்டா.

04.03.1999, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். ஸ்ரூடியோக்கார யோகநாதன்!

கடிதத்தில் உயரம், படிப்பு, ஐயா இல்லாதது, விசாக நட்சத்திரம், நெளுக்குளம் முகவரி, ஒன்றிலும் பிழையில்லை. படம் எடுத்த அன்று அவன் ஒரு போம் நிரப்பினான். "நட்சத்திரம்?" என்றான். "விசாகம்" என்றேன். படம் எடுக்கிறவனுக்கு என்ரை நட்சத்திரம் எதுக்கு? கேட்டனானா? இல்லை. சோதனைச் சாவடியில் கேட்கிறார்கள், பாஸ் கந்தோரில் கேட்கிறார்கள், கிராமசேவகர் கேட்கிறார். ஆர் பேனையோடு நின்றாலும் வாய் தானாகத் திறக்கும்படி எங்களைப் பழக்கியாயிற்று. இந்த லட்சணத்தில் நான் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன்.

எங்கள் முன் அறையில் வாடகைக்கு இருக்கும் நிசாந்தினிக்குச் சொன்னேன். என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

"அக்கா, நானும் அங்கைதான் படம் எடுத்தனான்."

கொழும்பில் புருசனை விட்டு ஓடி வந்தவள் அவள். முழங்கைக்கு மேலே அவன் அயன் பெட்டியால் சுட்ட அடையாளம் இன்னும் இருக்கிறது. இந்த முகவரி அவனுக்குத் தெரிந்துவிடுமென்று இரண்டு வருடமாகப் பெற்ற தாய்க்கே கடிதம் போடுவதில்லை. கலியாணமாகாதவள் என்றுதான் அம்மாவுக்கும் ஊருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். போமிலும் அப்படியே சொன்னாளாம்.

06.03.1999, சனி

யோகநாதனுக்குக் கூச்சம் என்பதே கிடையாது. சொந்த மகளின் கலியாணப் படம் காட்டுவது போல படங்கள் ஒட்டின அல்பத்தை விரித்துக் காட்டினான். பாஸுக்குப் படம் எடுக்கப் போன பெட்டையள் எல்லாம் வரிசையாக, பெயர் முகவரியோடு. நாற்பத்தேழாம் பக்கத்தில் நிசாந்தினி.

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

"தங்கச்சி, படம் உங்கட, நெகட்டிவ் எங்கட. எல்லா ஸ்ரூடியோவிலையும் அதுதான் வழமை."

"முகவரி? அது ஆற்றை?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள். நான் என்ன, அடிச்சே கேட்டனான்?"

அடிச்சுக் கேட்கவில்லைத்தான். அதுதான் இப்போதும் எரிகிறது.

நிசாந்தினியின் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கிழித்துத் தந்தான். கொழும்பிலும் லண்டனிலும் சுவிஸிலும் கொப்பிகள் இருக்கின்றனவாம். பெருமையாகச் சொன்னான். கொழும்பிலும்!

08.03.1999, திங்கள்

ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் விசயத்தைச் சொன்னேன். கொதித்து எழும்புவார்கள் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும். மீனம்மா ரீச்சர் கேட்டா: "என்ரை மகள் எத்தினையாம் பக்கம்? முன்னுக்குப் போடச் சொல்லேலாதோ?"

09.03.1999

எங்கள் இரண்டு பேரையும் எடுத்துவிடச் சொல்லிக் கம்பனிக்குப் பதிவுத் தபால் போட்டேன். பதில் வராது. வந்தாலும் இன்னொரு மாப்பிள்ளையாகத்தான் இருக்கும்.

16.03.1999, செவ்வாய்

வந்திட்டான், நிசாந்தினியின் புருசன்.

நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது எங்கள் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறான். அவள் சொன்ன அடையாளம் அப்படியே. சட்டைப் பையில் மடித்த போட்டோக் கொப்பி. கலியாண விசயமாகக் கொழும்பிலிருந்து வந்திருக்கிறாராம். அம்மாவின் முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

"எங்கட நிசாந்தினியைப் பாக்கத்தான் வந்தவர். விளையாட்டுப் பயிற்சி முடிஞ்சு மூண்டு மணிக்கு வருவாள் எண்டு சொன்னனான்."

எழும்பி நின்று வணக்கம் சொன்னான். நல்ல மரியாதை. "அவா இஞ்சை தனியத்தான் இருக்கிறாவோ?" என்று கேட்டான். "சீனி முடிஞ்சுது, வாங்கிக்கொண்டு வாறன்" என்று சைக்கிளைத் திருப்பினேன். இரண்டு தரம் பெடல் தவறியது.

பள்ளிக்கூட மைதானத்தில் நிசாந்தினியைப் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. கைப்பையும் பாஸும் மட்டும். உடுப்பு எடுக்கக்கூட வீட்டுப் பக்கம் வரவில்லை.

"அக்கா, நான் எங்கை போறனெண்டால்—"

வாயைப் பொத்தினேன். "சொல்லாதை. நானும் அம்மா பெத்த பிள்ளைதான். நாளைக்கு ஆரும் மரியாதையாக் கேட்டால் சொல்லிப்போடுவன்."

அவன் ஆறு மணிவரை இருந்தான். அம்மா இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா.

17.03.1999

அவன் ஆர் என்று அம்மாவுக்குச் சொன்னேன். காலையிலிருந்து அழுகிறா. ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. முன்னமே சொல்லி வைக்காத நான் என்ன திறமா?

20.03.1999, சனி

யோகநாதனிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். "புருசன்காரன்தானே தங்கச்சி? பிரிஞ்ச குடும்பம் சேர்ந்தால் நல்லதுதானே" என்றான். தூ! சொல்லிக்கொண்டே அடுத்தவளுக்குப் போம் எடுத்து வைத்தான்.

வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர். "படத்துக்கு முகம் மட்டும் காணும், மிச்சம் ஒண்டும் சொல்லாதேங்கோ" என்று சத்தம் போட்டேன். ஒரு பெட்டை மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, கொஞ்சம் விலகுங்கோ. பாஸ் கந்தோர் பூட்டப்போகுது."

விலகினேன்.

04.06.1999, வெள்ளி

எனக்கு ஒரு கடிதம். உறையில் நிசாந்தினியின் எழுத்து. முத்திரையும் தபால் குறியும் இருந்த மூலையைப் பார்க்காமலே கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகுதான் பிரித்தேன்.

சுகமாக இருக்கிறாளாம். அவன் வரவில்லையாம். மூன்றாம் வரியில் ஏதோ ஊரின் பெயர் வரப்போவது போல இருந்தது. அதோடு நிறுத்தி, கடிதத்தையும் அடுப்பில் வைத்தேன். அது முழுப்பக்கக் கடிதம்.

வாசித்த இரண்டு வரியே எனக்குக் காணும் என்று இங்கே எழுதுகிறேன். காணாது.