அரைப்பேர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆய்வுப் புத்தகம் தபாலில் வந்தது. உயர்தர வகுப்பில் படிக்கும் என் மகள்தான் தமிழில் சொன்னாள். பெரிய விண்மீன் கூட்டங்களின் நடுவில் ஒரு கருந்துளை இருக்கிறதாம். அதில் நிறைய வாயு விழுந்தால் சுற்றிலும் ஒளி வீசுமாம், கொஞ்சமாக விழுந்தால் மங்கலாகத்தான் தெரியுமாம். அந்த மங்கலானவற்றைத்தான் ஆறு வருடமாகத் தேடினாயாம்.

“நம்ம அரைப்பேர் மாதிரிதானே,” என்றேன். நாள் முழுக்க தேயிலை மலையில் நின்றாலும், கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார், பாதி நாள் சம்பளம்தான். உனக்கு மறந்திருக்கும்.

நன்றிப் பக்கத்தில் பதினொரு பேர். பேராசிரியரின் நாய்க்குக்கூட நன்றி சொல்லியிருக்கிறாய்.

“அம்மா, உங்க பேரு இல்லையே.”

“இங்கிலீஷ்ல வேற மாதிரி இருக்கும், நல்லா பாரு.”

மூன்று தரம் பார்த்தாள்.

பதினைந்து வயதில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஏன் கூடையைத் தூக்கினேன் என்று அவள் கேட்டாள். வீட்டில் கஷ்டம் என்று மட்டும் சொன்னேன், உன் படிப்புச் செலவைச் சொல்லவில்லை.

மங்கலாகத் தெரிவதால் ஒன்றை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாயாம். நன்றாக எழுதியிருக்கிறாய்.

இப்படிக்கு,
நீ அரைப்பேர்கூடப் போடாத
அக்கா