இரண்டு ஊசிக்குப் பிறகும்

சேன் லூயி
ஜூலை 2, 2021

அன்புள்ள பெந்தா அக்காவுக்கு,

இல்லை அக்கா, போனில் கேட்டீர்களே, உங்களைக் கண்டு பயமில்லை. உங்களுக்காகத்தான் பயம். இரண்டும் ஒன்றுதான் என்பீர்கள்.

இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது. கை கனத்தது, சரியாகிவிட்டது. ஊசி போட்ட பெண், "இனிமே நிம்மதியா மூச்சு விடுங்க டீச்சர்" என்றாள். அவளுடைய முகமூடி மூக்குக்குக் கீழே தொங்கியது. நான் என்னுடையதைக் கழற்றவில்லை. வகுப்பிலும் கழற்றுவதில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் சில நாள் மறந்துபோய் அதோடு உட்கார்ந்திருக்கிறேன். தனியாக இருப்பவளுக்கு யார் ஞாபகப்படுத்துவது?

தபஸ்கிப் பெருநாளுக்கு வருகிறேன். முகமூடியோடு வருவேன். சோறு எனக்குத் தனித் தட்டில் வேண்டும், முற்றத்தின் மறுகோடியில். ஊசி போட்டவர்களுக்கும் தொற்றுகிறது என்கிறார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் இருமுகிறார்கள். உங்களுக்குச் சர்க்கரை வேறு.

போனில் பேசினால் பாதியில் குரல் உடைந்து வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். உங்கள் ஊர்ப் பக்கம் வண்டி ஓட்டும் சாலியூவிடம் கருவாடும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உங்கள் தங்கை,
மாகெட்

*

ருஃபிஸ்க்
ஜூலை 6

என் சக்களத்தி மாகெட்டுக்கு,

நோய்நொடி உன் வாசலை மிதிக்காதிருக்கட்டும். கருவாடு வந்தது. உப்பு அதிகம்.

தனித் தட்டா? இந்த வீட்டில் தனித் தட்டில் சாப்பிட்டவர்கள் இரண்டே பேர். ஒன்று, மகனோடு கோபித்துக்கொண்ட என் மாமியார். இன்னொன்று, அலியூன் உன்னை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தபோது, நான். மூன்று நாள் தனியாகத் தின்றேன். பிறகு நீதான் என் தட்டைப் பிடுங்கி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உண்ணும் சகனில் கொட்டினாய். "ஒங்க பக்கம் காலியாக் கெடக்கு, மீனு ஆறுது. சண்டைய சாப்ட்டுட்டுப் போடுங்க" என்றாய். வாத்தியாரம்மாவுக்கு மறந்துவிட்டதா?

பக்கத்து வீட்டு ஞோபா கேட்கிறாள்: "ரெண்டு ஊசி போட்டும் வாயக் கட்டிக்கிட்டுத் திரியுறான்னா, ஊசிய எதுக்குப் போட்டா ஒன் சக்களத்தி? காது குத்தவா?" சிரித்துவிட்டேன். சிரித்து நாளாகிவிட்டது.

எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்த சகன் அது. அதிலேயே எனக்கு மட்டும் சோறு போட்டுக்கொள்கிறேன். நடுவில் ஒரு பிடி கிடக்கும். சின்னத் தட்டுக்கு மாறினால் எனக்கு யாருமில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. எதற்கு இன்னும் காபந்து? அவர் போன அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசலில் நின்று, "போயிட்டார்க்கா" என்றாய். கண் மட்டும்தான் தெரிந்தது. நீ அழுதாயா என்றுகூட எனக்குத் தெரியாது.

முகத்தைத் திறந்துகொண்டு வா.

பெந்தா

*

சேன் லூயி
ஜூலை 10

அன்புள்ள அக்கா,

அழவில்லை.

உள்ளே ஒருவரைத்தான் விட்டார்கள். உங்களுக்குக் காய்ச்சல், அதனால் நான் போனேன். தலையிலிருந்து கால்வரை மூடினார்கள். கண்ணுக்கு மட்டும் இடம் விட்டார்கள். அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பெந்தா, வந்துட்டியா?"

நான் நர்ஸைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். எதற்கென்று இன்றுவரை தெரியாது.

"வந்துட்டேன்."

"கோவமா?"

"இல்ல."

"சின்னவ தனியாப் போயிருவா. நீ பாத்துக்க."

என்னைப் பற்றி என்னிடமே சொன்னார். பிறகு பேசவில்லை.

இதை எப்படி உங்களிடம் கொண்டுவந்து தருவேன்? எனக்காக நானே கேட்பது போலிருக்கும். நான் கதை கட்டிவிட்டது என்றுகூட நீங்கள் நினைக்கலாம். வாசலில் நின்று வாய் திறந்தேன். ஒரு சொல்தான் வந்தது.

அன்றிலிருந்து முகமூடியைக் கழற்றக் கை போவதில்லை. நோய்க்கா, இதற்கா, எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. போட்ட இரண்டு ஊசியும் நோய்க்குத்தான்.

மாகெட்

*

ருஃபிஸ்க்
ஜூலை 15

மாகெட்,

ஐந்து மாதமாக ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் என்னை நினைத்தாரா? பதில் உன்னிடம் இருந்தது.

சகனில் அடுத்தவள் பக்கம் கை நீட்டக் கூடாது என்று பல் முளைக்காத பிள்ளைக்குக்கூடச் சொல்லித் தருகிறோம். அவர் கூப்பிட்டது என்னை. அவர் ஒப்படைத்தது என்னிடம். இடையில் நின்று வாங்கி வைத்துக்கொண்டாய்.

கடிதத்தில் வேண்டாம். நேரில் வந்து சொல். முகத்தைத் திறந்து சொல். உதடு அசைவதை நான் பார்க்க வேண்டும். மூடிக்கொண்டு வருவதானால் வராதே.

ஞோபா கேட்டாள், "சின்னவ வர்றாளா?" என்று. "தெரியாது" என்றேன்.

பெந்தா

*

சேன் லூயி, வண்டி நிலையம்
ஜூலை 20

அன்புள்ள அக்கா,

என்னோடு வேலை பார்க்கும் கணக்கு வாத்தியாருக்கு நேற்று முடிவு வந்தது. தொற்றுதான். அவரும் இரண்டு ஊசி போட்டவர். போன வாரம் முழுக்க எனக்கு எதிர்நாற்காலியில் உட்கார்ந்து தேர்வுத் தாள் திருத்தினார். எனக்கு இன்று சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. நாளைக்கும் அப்படியே வரும் என்று யாரும் சொல்லவில்லை.

அதனால் மூடிக்கொண்டுதான் வருகிறேன். நீங்கள் என்மேல் கோபமாக இருக்கலாம். இருக்க வேண்டும், ரொம்ப நாள். அதற்கு நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

இன்னொன்று. அவர் பார்த்தது இந்த இரண்டு கண்களைத்தான். இவற்றில் உங்களைப் பார்த்தார். முகத்தைத் திறந்தால் நீங்கள் பார்ப்பது என்னை. மூடி வந்தால், அவர் பார்த்ததை நீங்களும் பார்க்கலாம். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே, அவ்வளவு மெதுவாகச் சொல்கிறேன். அது உங்களுடையது. வாங்கிக்கொள்ளுங்கள். அதன்படி செய்ய வேண்டும் என்று கேட்க மாட்டேன்.

இந்தக் கடிதம் முதலில் கதவுக்கடியில் வரும். பிறகு தட்டுவேன். நீங்கள் திறக்காவிட்டால் வெளியில் நின்றே சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும். ஞோபாவுக்கும் கேட்கும். பரவாயில்லை.

மாகெட்

பெருநாள் கூட்டம். சாலியூ ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கிறான். "முகமூடியக் கழட்டுங்க டீச்சர், வேர்த்துக் கொட்டுது" என்கிறான். கழற்றவில்லை. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன்.