நாற்பது பவுண்டு வில்லுக்கு ஏற்ற முனை

செப்டம்பர் 2
தோளைத் தைத்த டாக்டர் இன்று வாயைத் திறந்தார். எழுபது பவுண்டு விசையில் வில் இழுப்பதை மறந்துவிட வேண்டுமாம். நாற்பது வரை சரி. நாற்பது! ஆர்டித் இழுப்பதே முப்பத்தெட்டு. அவள் என் மனைவி, என்னைவிட ஒரு தலை குட்டை.

காரேஜ் கதவை மூடிக்கொண்டு விசை குறைய வில்லின் பூட்டுத் திருகாணிகளைக் கழற்றினேன். ஆர்டித்திடம் சொல்லவில்லை. நார்ப்பிடம் சொல்வதா? முப்பது வருடமாக என்னோடு வேட்டைக்கு வருகிறவன். சொன்னால் மாலைக்குள் விஸ்கான்சின் மாநிலம் முழுக்கத் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 4
அம்புமுனை வாங்கக் கடைக்குப் போனேன். அங்கே நார்ப் நிற்கிறான்.

"எத்தனை பவுண்டு இழுக்கறீங்க, வெர்லின்?" என்று கடைக்கார டோரீன் கேட்டாள்.

இருமினேன். "வழக்கம்போலத்தான்."

உடம்பில் பட்டதும் இறக்கை மாதிரி விரிகிற பெரிய முனையை எடுத்துக் கொடுத்தாள். "மான் இல்ல, மாட்டு வண்டியே போற அளவுக்கு ஓட்டை போடும்டா" என்றான் நார்ப். வாங்கிவிட்டேன். வேறென்ன செய்வது?

செப்டம்பர் 7
சோதனை. ஃப்ரீசரில் இருந்த பன்றித் தொடையை உருகவைத்து, பழைய தோல் ஜாக்கெட்டைச் சுற்றி, பதினைந்து கஜத்திலிருந்து விட்டேன். அம்பு பல்குத்தும் குச்சி மாதிரி செருகிக்கொண்டு நின்றது. விரிவதற்கே பாதி விசையைத் தின்றுவிட்டது போல.

அந்தத் தொடை ஞாயிறு தேவாலய விருந்துக்கு வைத்திருந்ததாம்.

"அது ஏற்கெனவே செத்ததுதானே வெர்லின்?" என்றாள் ஆர்டித். "எதுக்கு மறுபடி கொன்ன?"

ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 9
மூன்று வெட்டு அலகு வைத்த முனை. விரியாது. தொடைக்குள் பாதி தூரம் போனது. பாதி போதாது.

செப்டம்பர் 10
சிரிப்புக்கு நடுவே ஒன்றை எழுதிவிடுகிறேன். எனக்கு இருபத்தாறு வயதில் ஒரு மான் பாதி இறங்கிய அம்போடு ஓடியது. இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. இன்னொரு முறை அப்படி ஆகக் கூடாது. சரியான முனை கிடைக்காவிட்டால் இந்த வருடம் போக வேண்டாம். நார்ப்பிடம் என்ன சொல்வேன்? முதுகு வலி என்றா?

செப்டம்பர் 12
ஆர்டித் கடைக்குப் போனதும் அவள் அம்புப் பெட்டியிலிருந்து ஒரு முனையைத் திருடினேன். இரண்டே அலகு, ஒல்லி, நுனியிலிருந்தே கூர். பார்க்க உருளைக்கிழங்கு சீவுகிற கத்தி மாதிரி. இதை வைத்தா பதினோரு வருடமாக மான் கொண்டு வருகிறாள்?

விட்டேன். ஜாக்கெட்டில் போய், தொடையில் போய், வெளியே வந்து, பின்னால் இருந்த அட்டைப்பெட்டிக்குள் புகுந்தது. பெட்டியில் கிறிஸ்துமஸ் குடிலின் பிளாஸ்டிக் ஒட்டகம். அதன் முன்னங்காலுக்குப் பின்னால் பாய்ந்திருந்தது, கச்சிதமாக.

திரும்பினால் ஆர்டித் நிற்கிறாள், கையில் மளிகைப் பையோடு.

"ஒட்டகத்துக்கு லைசென்ஸ் எடுத்தியா?"

வில்லை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"எத்தனை பவுண்டுல வெச்சிருக்க?"

"நாப்பது."

"பத்து நாளா தெரியும். திருகாணிய கழட்டி என் சாஸ் பாட்டில் மூடியில போட்டு வெச்சிருக்க."

கேலி செய்வாள் என்று நினைத்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு என் அம்பைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "இது ரொம்ப லேசு. கனமா வேணும். கொஞ்சம் மெதுவா போகும், ஆனா நிக்காது. அகல முனை ஆம்பளைங்க பேசிக்கறதுக்கு. நமக்கு உள்ள போகணும், வெளிய வரணும்."

நமக்கு என்றாள்.

செப்டம்பர் 15
அவள் சொன்னபடி முனையைத் தீட்டுகிறேன். முடியைச் சிரைத்தால்தான் கூர் என்கிறாள். என் இடக்கையில் ஒரு முடிகூட இல்லை.

செப்டம்பர் 20
முப்பது கஜத்தில் பெரிய கொம்பு வைத்த ஆண் மான். அம்பை விடவில்லை. இருபதுக்குள், பக்கவாட்டில் நின்றால் மட்டும் என்பது ஆர்டித்தின் சட்டம். நார்ப் தான் ஏறிப் பதுங்கியிருந்த மரத்திலிருந்து எல்லாம் பார்த்திருக்கிறான்.

"ஏன்டா அத போக விட்ட? உனக்கு அது அடுத்த வீடு மாதிரி!"

"கிளை மறைச்சுது."

"எந்தக் கிளை?"

இருமினேன்.

அக்டோபர் 11
காலை ஏழரை. பெண் மான், பன்னிரண்டு கஜம், பக்கவாட்டில். இழுத்தேன், தோள் முனகவில்லை. சத்தமே இல்லை. மான் நாலடி நடந்தது, ஏதோ மறந்துபோனது மாதிரி நின்றது, என் கண்ணெதிரே சாய்ந்தது. அம்பு அதற்கு அப்பால் மண்ணில் குத்தி நின்றது. அரைமணி நேரம் மரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நன்றி சொன்னேன், யாரிடம் என்று தெரியவில்லை.

மானை இழுத்துப்போக நார்ப் வந்தான். அம்பைப் பிடுங்கிப் பார்த்தான். "இது ஆர்டித்தோட முனையாச்சே."

போதும்டா சாமி என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். தோள், டாக்டர், நாற்பது, எல்லாம்.

"நாப்பதா?" என்றான். சிரிக்கவில்லை. சாலை வரை மானை இழுத்தோம். சிரித்திருந்தால் தேவலை.

அக்டோபர் 19
நார்ப் வந்தான். என்னைப் பார்க்க இல்லையாம். நான் கூடத்தில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஆர்டித், ஒரு நாப்பத்தஞ்சு பவுண்டுக்கு எந்த முனை நல்லாருக்கும்? எனக்கில்ல. என் மச்சானுக்கு."

அவன் மச்சான் ஃபுளோரிடாவில் இருக்கிறான். படகைத் தவிர எதையும் தொட்டதில்லை.

ஆர்டித் காபி ஊற்றினாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அம்பு நீளம் பாக்கணும். உன் மச்சானுக்கு கை எவ்வளவு நீளம்?"

நார்ப் யோசிக்காமல் தன் கையை நீட்டினான்.