செல்வி கலந்த பாஸ்தா

12 மே 2002, ஞாயிறு

புருஷனிடம் அடி தாங்காமல் வந்த நாத்தனார் செல்வி, ஒரு மாதமாக அறையைவிட்டு வெளியே வரவில்லை.

இன்று சாத்தனூர் அணைக்குப் போக, மாடியில் குடியிருக்கும் இத்தாலிக்காரம்மா சொன்னபடி பாஸ்தா சாலட் செய்தேன். வெந்ததை ஆறவைத்து கேரட், வெள்ளரி, குடைமிளகாய் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்தேன்.

செல்வி எட்டிப் பார்த்தாள்.

"என்னா அண்ணி, கலர் கோலப்பொடி கொட்டின மாதிரி இருக்குது?"

"தின்னு பாரு."

ஒன்றை வாயில் போட்டாள். "உப்பு கம்மி"னு அவளே போட்டுக் கலந்தாள். அப்புறம், "நானும் வரட்டுமா?" என்று கேட்டாள்.

அணையில் குழந்தைகளோடு சண்டை போட்டுத் தின்றாள். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

நாளைக்கு அவள் புருஷன் கூப்பிட வருகிறான். அவளுக்கு இன்னும் தெரியாது. இவரிடம் மட்டும் சொல்லிவிட்டேன், அவளை நான் அனுப்ப மாட்டேன் என்று.