களத்தில் கண்ணைக் கட்டிப் போன தூரம்

ஞாயிறு, இரவு

எழுத வேண்டியவை:
1. தலைசுற்றல் நின்றுவிட்டது.
2. கண்ணை மூடினாலும் காது தூரத்தை அளந்துவிடும்.
3. சரசுவின் முடிவு.

காதுக் கோளாறால் தலைசுற்றல் வந்ததிலிருந்து என் மனைவி சரசு என்னைத் தனியாக ஏரிப் பக்கம் விடுவதில்லை. காது சரியாகிவிட்டதென்று காட்ட, காபி காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு தள்ளுவண்டியில் உட்கார்ந்தேன். பாதிக் களம் வந்ததும் நான் சொல்வதாக ஏற்பாடு. சரசுதான் தள்ளினாள். கிளம்பியது தெரிந்தது, திரும்பியதும் தெரிந்தது. பிறகு வண்டி அசையவே இல்லை.

"ஏன் நிறுத்திப்போட்ட?"

"நான் எங்கீங்க நிறுத்துனேன்? களம் முடிஞ்சு கோழிக்கூட்டுக்கே வந்தாச்சுங்க. தலை கிலை சுத்துதுங்களா?"

"இல்லை."

"அப்ப நாளைக்குத் தனியாவே போய்ட்டு வாங்க. கண்ணை மட்டும் தொறந்துக்கிட்டுப் போங்க."

வேகம் மாறினால்தான் காதுக்குத் தெரியும் போலிருக்கிறது. ஒரே சீராக மெல்லத் தள்ளியதில் ஏமாந்துவிட்டேன். ஏரிக்குப் போகலாம், ஆனால் இரண்டாவதாக எழுதியது தவறு.