வாஷிங்டன் விருந்துக்கு ஒரு கவுன்

லரேடோ, டெக்சஸ்
11 மே 1969

என் அன்பு அக்காவுக்கு,

சுகம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? நீ நிகோலாசாவிடம் கொடுத்தனுப்பிய சோளமாவுத் தமாலேயை என் மாமியார் கண்ணில் படும் முன்பே நானும் இரசேமாவும் அடுப்படியில் நின்றபடி தின்று தீர்த்துவிட்டோம்.

ஒரு நல்ல சேதி. வருகிற பிப்ரவரியில் வாஷிங்டன் பிறந்தநாள் விழாவில் மேடையேறும் பெண்களில் நம் இரசேமாவும் ஒருத்தி! மாதர் சங்கத்துக்காரர்கள் நேற்று வீட்டுக்கு வந்து சொன்னார்கள். ஜனாதிபதியின் மனைவி கொடுக்கும் விருந்துக்கு வந்த சீமாட்டியாக அவள் வேடம் கட்டி, தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து வணங்க வேண்டும். மற்றவர்கள் கவுனுக்கு சான் அந்தோனியோ கடைகளைத் தேடி ஓடுகிறார்கள். எனக்கு எதற்குக் கடை, நீ இருக்கும்போது?

"பெரியம்மா தச்சாத்தான் போடுவேன். பெரியம்மா முன் வரிசையில உக்காந்தாத்தான் மேடையேறுவேன்" என்று அவள் அடம் பிடிக்கிறாள். என் பக்கத்து நாற்காலி உனக்குத்தான். அம்மா போனபின் எனக்குத் தலை வாரிவிட்டவள் நீ. வேறு யார் அங்கே உட்கார முடியும்?

உன் தங்கை,
அம்பாரோ


நுவேவோ லரேடோ, மெக்சிகோ
16 நவம்பர் 1969

செல்ல அம்பாரோவுக்கு,

கவுன் என் வீட்டையே பிடித்துக்கொண்டுவிட்டது. கட்டிலில் பாவாடை, மேஜையில் மேல்சட்டை. என் வீட்டுக்காரர் நாற்காலியில் தூங்குகிறார். "வாஷிங்டன் இந்த ஆத்தங்கரைய எட்டிக்கூடப் பாக்கல. அவருக்குப் பொறந்தநாளு, எனக்கு இடுப்புவலியா?" என்று தினமும் ஒரு பாட்டு.

பச்சை வெல்வெட்டில் திராட்சைக் கொடி போட்டிருக்கிறேன். ஒவ்வொரு பழமும் மணி கோத்தது. எல்லாம் சேர்ந்து ஒரு கன்றுக்குட்டி கனம் இருக்கும். குழந்தை தோள் தாங்குமா என்றுதான் கவலை. அதற்காக உள்ளே பட்டை வைத்துத் தைத்திருக்கிறேன்.

உன்மேல் ஒரு குறை. பாலத்துக்கு இந்தப் பக்கம் நீ கால் வைத்து எத்தனை மாதமாகிறது? அளவு பார்க்க இரசேமாவை நிகோலாசாவோடு அனுப்புகிறாய். வேலைக்காரியோடு வந்தாலும் அவள் வருகிறாளே என்று நானும் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன். உன் பக்கத்தில் உட்கார வேண்டுமே, எனக்கும் ஒரு நீல உடை தைத்துக்கொண்டேன். கழுத்து கொஞ்சம் உயரம். உன் மாமியார் குறை சொல்ல முடியாது.

உன் அக்கா,
எலோதியா


லரேடோ
30 ஜனவரி 1970

அன்புள்ள அக்காவுக்கு,

கவுன் வந்து சேர்ந்தது. மாமியாரே மணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். உன் கைக்கு முத்தம்.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. நாற்காலிகளெல்லாம் சங்கத்தின் கையில் இருக்கின்றன. நான் முயன்றுகொண்டுதான் இருக்கிறேன். எது எப்படியானாலும் என் வீட்டுக்காரர் எவாரிஸ்தோ மாலை ஐந்து மணிக்குப் பாலத்தின் இந்த முனைக்குக் காரோடு வருவார், உன்னை அழைத்துக்கொள்வார். இன்னொன்று. கவுன் யார் தைத்தது என்று யாராவது கேட்டால் நீ எதுவும் சொல்லிக்கொள்ள வேண்டாம். இங்கே உள்ள பேச்சு வேறு மாதிரி. உனக்குப் புரியும்.

அவசரத்தில்,
அம்பாரோ


நுவேவோ லரேடோ
24 பிப்ரவரி 1970

அம்பாரோவுக்கு,

சனிக்கிழமை காலை முதலே பாலம் திறந்து கிடந்தது. விழா நாளாயிற்றே, எல்லை தாண்ட யாரிடமும் அனுமதித் தாள் கேட்கவில்லை. இரண்டு கரைப் பிள்ளைகளும் பாலத்தின் நடுவில் கட்டிப்பிடித்துக்கொண்டதை ஊரோடு நின்று நானும் பார்த்துக் கைதட்டினேன். வீட்டுக்குப் போய் நீல உடையைப் போட்டுக்கொண்டு, ஐந்து மணிக்கு நீ சொன்ன இடத்தில் வந்து நின்றேன். உன் வீட்டுக்காரர் வரவில்லை. வண்டி பழுதோ என்னவோ என்று நடந்தே மண்டபத்துக்கு வந்தேன்.

வாசலில் பெயர் கேட்டார்கள். சொன்னேன். பட்டியலில் இல்லை என்றார்கள். பக்கத்துக் கதவு வழியாக நீயே ஓடி வந்தாய். எனக்காகத்தான் வருகிறாய் என்று நினைத்தேன்.

"அக்கா, நல்லவேளை வந்த! இரசேமா கவுன்ல பின்பக்கம் தையல் விட்டுப்போச்சு. ஊசி வச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். திரைக்குப் பின்னால் முட்டி போட்டுத் தைத்தேன். வெள்ளை முடி வைத்துக்கொண்டு ஜனாதிபதி வேடத்தில் இருந்தவர்கூட விலகி இடம் கொடுத்தார். அப்போதுதான் பக்கத்தில் நின்ற சிவப்புக் கையுறை அம்மாள் கேட்டார்:

"யாரு அம்பாரோ இவங்க?"

"அந்தக் கரையில இருந்து தையலுக்கு வரச் சொன்ன பொம்பள."

கூட்டத்தில் தடுமாறிச் சொன்னாய் என்று இதைக்கூட நான் மறந்திருப்பேன். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தேன். இரசேமா என்னைப் பார்த்தாள். உன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ரொம்ப நன்றிங்க" என்றாள்.

அம்பாரோ, "நன்றிங்க" என்றாள். என் மடியில் வளர்ந்த பிள்ளை.

சுவரோரம் நின்று அவள் குனிந்து வணங்கியதைப் பார்த்தேன். அழகாகத்தான் செய்தாள். அறிவிப்பாளர், "கவுன், சான் அந்தோனியோவில் தைக்கப்பட்டது" என்று படித்தார். உன் பக்கத்து நாற்காலியில் மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை உட்கார்ந்திருந்தார். நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

எலோதியா


லரேடோ
15 மார்ச் 1970

என் உயிர் அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நான் என்ன செய்வேன்? நீ இந்த வீட்டில் வாழ்ந்து பார்த்ததில்லை. இருபது வருஷமாக என் பேச்சையும் நடையையும் எடை போடுகிறார்கள். என் அக்கா தையல் வேலை செய்கிறாள் என்று தெரிந்தால் இரசேமாவுக்கு நல்ல சம்பந்தம் வருமா? எவாரிஸ்தோவை அனுப்பாமல் இருந்தது நான்தான். சொல்லிவிடுகிறேன். கார் வராவிட்டால் நீ பாலத்திலிருந்தே திரும்பிவிடுவாய் என்று நினைத்தேன். குழந்தைமேல் கோபப்படாதே. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் செய்தாள்.

இப்போது உனக்கு ஒரு நல்ல வாய்ப்பு. அந்தச் சிவப்புக் கையுறை அம்மாள் திருமதி ஃபாரியாஸ். அடுத்த வருஷம் அவர் மகள் மேடையேறுகிறாள். எங்கே தைத்தீர்கள் என்று விடாமல் கேட்கிறார். நீ தைத்துக் கொடு. சான் அந்தோனியோவிலிருந்து வந்ததாக நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். இரண்டு பேருக்கும் நல்லது. நம்முடைய உறவு நமக்குத் தெரிந்தால் போதாதா?

என்றும் உன்,
அம்பாரோ


நுவேவோ லரேடோ
5 ஏப்ரல் 1970

திருமதி அம்பாரோ அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே திருமதி ஃபாரியாஸ் மகளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று நான் தைத்த வேகத்தைப் பார்த்து, கவுனும் இந்தக் கைதான் என்று அவருக்குத் தோன்றியதாம். நிகோலாசாவிடம் வழி கேட்டுக்கொண்டு வந்தார். ஆட்டுக்குட்டிக் கறி போட்டேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வேலையை ஒப்புக்கொண்டேன். கவுனை நானே கொண்டுவந்து கொடுப்பேன். என் பெயரை மேடையில் படிக்கச் சொல்வதாக அவரே சொன்னார்.

அளவு எடுக்கும்போது சுவரில் நம் பழைய படத்தைப் பார்த்துவிட்டார். அம்மா, நான், என் இடுப்பில் நீங்கள். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அம்பாரோ உங்களுக்கு என்ன வேணும்?"

நீங்கள் இத்தனை வருஷம் பயந்த கேள்வி. ஒரு வார்த்தை போதும், மறுநாள் லரேடோ முழுக்கத் தெரிந்திருக்கும். என் வாயில் ஊசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டுச் சொன்னேன்.

"ஒண்ணும் வேணாங்க."

இப்படிக்கு,
எலோதியா சல்தீவார்